மீற்றர் வாசிப்பவள்

காலை ஏழரைக்குக் கல்லடிப் பாலத்தால் இறங்குகையில்
என் நிழல் என்னைவிட நீளம்.
வாவியை விட்டு வர மனமில்லாததுபோலப்
பின்னால் இழுபட்டு வருகிறது.

முதல் வீடு. நாய். மீற்றர். இலக்கம்.
இரண்டாவது வீடு. கேற் பூட்டு. எட்டிப் பார்த்து இலக்கம்.
நாவற்குடா ஒழுங்கைகளுக்குள் நுழையும்போது
நிழல் என் உயரத்துக்கு வந்துவிடுகிறது.
இனித்தான் கவனம்.
என்னைவிட அது குட்டையானால்
வெயிலுக்குள் இன்னொன்று வந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

அது சுடாது.
அதுதான் அதன் களவு.

ஆடியில் கச்சான் அடிக்கும்போது
ஊரே எனக்குப் புத்தி சொல்லும்.
"இந்த அனலுக்குள்ள ஏன்கா வந்த, நாளைக்கு வாவன்."
செம்புத் தண்ணீர் நீளும். கதிரை நீளும்.
இன்று கொண்டல்.
கடற்பக்க ஈரம் கழுத்தைத் தடவுகிறது,
பஞ்சு பஞ்சாக முகில் வேறு.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
போனைத் திறந்தேன்:
புற ஊதாச் சுட்டி பன்னிரண்டு.
பதினொன்றிலிருந்தே அதற்கு ஊதா நிறம் பூசி வைத்திருக்கிறார்கள்,
ஆறாத கண்டலைப்போல.

காற்று ஒன்று சொல்கிறது, இலக்கம் ஒன்று சொல்கிறது.
நான் இலக்கத்தை நம்பிச் சம்பளம் வாங்குகிறவள்.

காத்தான்குடிப் பக்கம் வாசிக்கிறவர் நளீம்தீன்.
போன மாதம் கண் கிளினிக்குக்குப் போனார்.
வெள்ளை விழியின் மூலையிலிருந்து கருவிழியை நோக்கி
ஈச்சிறகளவு சதை ஏறியிருந்தது.
எத்தனை வருசம் வெயிலில் என்று டொக்டர் கேட்க,
"பதினெட்டு வருசம் சேர், மாதம் ஆயிரத்து இருநூறு வீடு"
என்றாராம்.
அவருக்கு வேறு அளவை தெரியாது.
எனக்கும்தான்.

பிறகு நான் தொப்பி வாங்கினேன்,
எண்ணூறு ரூபாய், சுற்றிவர விளிம்பு.
அண்ணனின் முழுக்கைச் சேட்டு.
பூசுகிற கிறீமின் விலையைப் பார்த்துத்
திருப்பி வைத்துவிட்டு வந்து
அடுத்த சம்பளத்தில் மறுபடி போனேன்.
கறுப்புக் கண்ணாடி போட்ட முதல் நாள்
தங்கேஸ்வரியக்கா வேலிக்கு மேலால் சிரித்தா:
"படத்தில நடிக்கப் போறியோ?"
கொஞ்சம் யோசித்து,
"நல்லதுதான்கா. கறுத்துப் போகாம இருப்பாய்."

கறுப்பு, தோல் தனக்குத்தானே இழுத்து மூடும் சீலை அக்கா.
கண்ணுக்கு அந்தச் சீலை எட்டாது.
இதை அவவிடம் சொல்லவில்லை.
முன்னூற்றுப் பன்னிரண்டு யூனிற் என்றேன்.
கூடிப்போச்சென்று ஏசினா.

கடற்கரைப் பக்கம் கூரையில் சோலர் போட்ட வீடு.
அங்கே மீற்றர் இரண்டு இலக்கம் காட்டும்:
எடுத்தது, கொடுத்தது.
என்மேல் விழுகிற அதே வெயில்
அவர்களுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறது.
என் தோலுக்குள்ளும் ஒரு மீற்றர் ஓடுகிறது.
அதற்கு ஒரே பக்கம்தான் சுற்றத் தெரியும்.
பில் எந்த வருசம் வருமென்று
ஒரு கந்தோரிலும் கேட்க முடியாது.

பன்னிரண்டு கடந்து நாலு நிமிடம்.
சித்திரை பிறக்க நாலு நாள்.
சூரியன் உச்சிக்கு நேர் மேலே.
மின்கம்பத்துக்குக்கூட நிழல் இல்லை.
என்னுடையது செருப்புக்குள் ஒளிந்துவிட்டது.
கீழே வெள்ளை மணல்;
தொப்பிக்குக் கீழாலும் வெளிச்சம் ஏறி வந்து
நாடியில் கை வைக்கிறது.

மோகனதாஸ் வீட்டு வேம்பின்கீழ் உட்காருகிறேன்.
நாய் எனக்கு முன்பே வந்து படுத்திருக்கிறது.
இன்றைக்குக் குரைக்கவில்லை,
கொஞ்சம் தள்ளிப் படுக்கவும் இல்லை.
இன்னும் நாற்பத்தொரு வீடு.
நிழல் மறுபக்கத்தால் முளைத்து
என் உயரத்துக்கு எழும்ப மூன்று மணியாகும்.
கந்தோரில் இதைத் தாமதம் என்று எழுதுவார்கள்.

கையிலுள்ள மெசினில்
விளையாட்டாகப் பன்னிரண்டை அடித்தேன்.
முன்னைய வாசிப்பைவிடக் குறைவு,
மீண்டும் சரிபார்க்கவும் என்றது.

இலைகளுக்கிடையால் அண்ணாந்து
உடனே கண்ணைத் தாழ்த்தினேன்.
சரிதான்.
பன்னிரண்டு.